சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியும் ஒரு பேடாக் ஸ்டாண்டும்: ஐந்து வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2018 டாமினார் 400. எடை 182 கிலோ, சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. நான் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் (செயினுக்கான எண்ணெய்) அடிக்கிற ஆள். அதற்குப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும். முதல் இரண்டு வருடம் தெருமுனை மெக்கானிக் செய்வதையே நானும் செய்தேன். ஒருத்தர் வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பின்சக்கரம் இரண்டு விரல் அளவு எழும்பும், இன்னொருத்தர் துடைக்கலாம். பிடிக்கிற ஆள் என் மச்சான். அவனுக்கு ஃபோன் வந்தால் வண்டி இறங்கிவிடும். அதைவிட, அத்தனை பாரமும் சைடு ஸ்டாண்டின் ஒற்றை போல்ட்டில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

1,900 ரூபாய்க்கு ஒரு பேடாக் ஸ்டாண்ட் வாங்கினேன்: வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், சக்கரம் வைத்த இரும்புத் தாங்கி. பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, ஸ்விங்ஆர்முக்கு (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) அடியில் ரப்பர் ஒட்டிய எல் வடிவத் தகடு ஏந்திக்கொள்ளும். இன்னொன்று, ஸ்விங்ஆர்மில் திருகிய ஸ்பூலை (நூல்கண்டு போன்ற சிறு உருளை) வி வடிவக் கொக்கி கவ்விக்கொள்ளும். உங்கள் வண்டியில் ஸ்பூலுக்கான மரை இருந்தால் யோசிக்காமல் வி வகையே வாங்குங்கள், பக்கவாட்டில் நழுவாது. ஸ்பூல் போல்ட் 6, 8, 10 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும், அளவு பார்த்து வாங்க வேண்டும். நான் எடுத்தது எல் வகை. அதற்கு ஸ்விங்ஆர்மின் அடிப்பாகம் சமமாக இருக்க வேண்டும். வாங்கும் முன் குனிந்து பாருங்கள்: வலதுபக்கம் பிரேக் ஹோஸ் எங்கே ஓடுகிறது, தகடு அதை நசுக்குமா, ஸ்டாண்டின் கை சைலன்ஸரில் இடிக்குமா என்று.

பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்ததை ஒத்துக்கொள்கிறேன். பார்த்திருக்க வேண்டியது சக்கரத்தை. என் ஸ்டாண்டில் இருந்த பிளாஸ்டிக் சக்கரம் இரண்டாம் வருடமே பிளந்துவிட்டது. கோவையில் இருப்பதில் ஒரு சௌகரியம், கணபதிப் பக்கம் போனால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நைலானில் இரண்டு உருளை கடைந்து வாங்கி மாட்டினேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்து தரை. நம் வீட்டுப் போர்ட்டிகோ எல்லாம் தண்ணீர் வடிய கேட்டை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வண்டிக்குத் தெரியும். போதாததற்கு டைல்ஸ், அதில் ஷாம்பு தண்ணீர். நான் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சமதரையில் பழைய பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல்தான் தூக்குகிறேன்.

தூக்குவதில் ஒரு ரகசியமும் இல்லை. சைடு ஸ்டாண்ட் போட்டிருக்க வேண்டும், ஹேண்டில் நேராக, கியர் நியூட்ரலில். வண்டிக்கு இடதுபக்கம் பின்னால் நின்று ஒரு கையால் கிராப் ரெயிலைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, இன்னொரு கையால் ஸ்டாண்டை உள்ளே தள்ளி, இரண்டு பக்கத் தகடும் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்டின் கைப்பிடியை அழுத்த வேண்டும். அழுத்தும்போது வண்டி சற்றுப் பின்னால் வரும்; அதனால் முன் பிரேக்கை முதலிலேயே கட்டிவிடாதீர்கள். ஏறி நின்ற பிறகு சைக்கிள் டியூப் துண்டால் பிரேக் லீவரை ஆக்ஸிலேட்டரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டி முன்னால் உருளாது. இறக்கும் முன் அதை அவிழ்க்க வேண்டும்.

நான் அடிபட்டது இறக்கும்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைடு ஸ்டாண்ட் மடங்கும் பிவட்டில் கிரீஸ் வைப்பதற்காக அதை மடக்கியிருந்தேன். வேலை முடிந்த சந்தோஷத்தில் அப்படியே கைப்பிடியைத் தூக்கிவிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டது, வண்டி இடதுபக்கம் சாய்ந்தது, சாய்வதைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. முழங்காலைக் கொடுத்துப் பார்த்தேன். 182 கிலோவுக்கு முழங்கால் எல்லாம் ஒரு பொருட்டா? பக்கத்தில் நின்ற ஸ்கூட்டியின் மேல் சரிந்து, என் கிளட்ச் லீவரும் அதன் கண்ணாடியும் உடைந்தன. ஸ்கூட்டி மனைவியுடையது. அன்றிலிருந்து நான் ஸ்டாண்டைத் தொட்டாலே சமையலறையிலிருந்து, "என்னங்க, சைடு ஸ்டாண்ட் போட்டாச்சா?" என்று குரல் வரும். எந்த மேனுவலும் இவ்வளவு வேலை செய்யாது.

எஞ்சினை ஆன் செய்து, முதல் கியரில் சக்கரத்தைச் சுழலவிட்டு, துணியால் செயின் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் கையை விடுவதற்கு நேரம் கிடையாது. விரல் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கையால் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இந்த ஸ்டாண்டால் ஆகாத வேலையும் உண்டு. ஸ்விங்ஆர்மைத் தாங்குவதால் பின் ஷாக் அப்சார்பரின் மேல் வண்டியின் பாரம் அப்படியே இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் ஃபிரேமைத் தாங்க வேறு ஏற்பாடு தேவை. பின்பக்கம் மட்டும் உயர்ந்து மூக்கு குத்தி நிற்கும் வண்டியில் ஆயில் அளவு பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். செயின் தொய்வையும் மேனுவல் எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும்.

முன்பக்க ஸ்டாண்டும் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முன்சக்கரம் கழற்றுபவர்களுக்கு உதவும். ஆனால் அதைத் தனியாகப் போடக் கூடாது. பின் ஸ்டாண்ட் ஏறிய பிறகுதான் முன் ஸ்டாண்ட், இறக்கும்போது முன்னது முதலில். நான் வாங்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலைக்கு இன்னொரு இரும்பை வைக்க மாடிப்படிக்குக் கீழே இடமில்லை.

இப்போது எல் தகட்டின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. இதற்கு முன் ஒருமுறை பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினேன். ஒன்றரை வருடம் தாங்கியது. இந்த வாரம் திரும்ப ஒட்ட வேண்டும்.