ரெஜிஸ்டர் அட்ரஸ் கற்றுக்கொள்ள ராஸ்ப்பெரி பை பிக்கோ எப்படி?

ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் மைக்ரோபைத்தானை ஏற்றி, எல்இடியை மினுக்கிவிட்டு, அஞ்சு நட்சத்திரம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம், இல்லை ஒரு ஷெட்யூலராவது (எந்த வேலை எப்போது ஓடணும் என்று தீர்மானிக்கும் கோடு) எழுதிப் பார்க்கணும், ஹார்டுவேர் ரெஜிஸ்டர்களை (சிப்பின் பகுதிகளை ஆட்டுவிக்கும், ஆளுக்கொரு அட்ரஸ் உள்ள இடங்களை) நேரடியாகத் தொட்டுப் பார்க்கணும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் போர்டும், அதோடு இலவசமாகக் கிடைக்கும் டேட்டாஷீட்டும், எஸ்டிகேவில் (ராஸ்ப்பெரி பை தரும் மென்பொருள் தொகுப்பு) இருக்கும், ரெஜிஸ்டர்களின் பெயரும் நம்பரும் அடங்கிய ஹெடர் ஃபைல்களும் எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும்தான் இங்கே பார்க்கப்போகிறேன். என்னைக் கேட்டால் அந்த ஹெடர் ஃபைல்கள்தான் அசல் சரக்கு, போர்டு அதை ஓட்டிப் பார்க்க ஒரு சாக்கு. (கீழே வரும் அட்ரஸ், ஆஃப்செட் அதாவது தொடக்க அட்ரஸிலிருந்து உள்ள தூரம், ரெஜிஸ்டரில் எழுதும் மதிப்பு எல்லாமே ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட எண்கள், ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கங்கள்தான். முன்னால் போடும் சீரோ எக்ஸை விட்டுவிட்டேன்.)

2021 ஜனவரியில் வந்த போர்டு, அறிவித்த விலை 4 டாலர். உள்ளே இருப்பது ஆர்பி2040 சிப்: இரண்டு கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர், 264 கேபி ரேம், வெளியே 2 எம்பி ஃபிளாஷ். எம்எம்யூ (அட்ரஸை நடுவில் மாற்றித் தரும் பகுதி) கிடையாது. அதாவது நீங்கள் ஒரு பாயிண்டரில் எந்த நம்பரைப் போடுகிறீர்களோ அந்த நம்பர் அப்படியே பஸ்ஸில் (கோரை மற்ற பகுதிகளோடு இணைக்கும் பாதையில்) போய் நிற்கும், நடுவில் மொழிபெயர்க்க ஆள் இல்லை. இது குறையில்லை, படிக்கிறவனுக்கு இதுதான் வரப்பிரசாதம். முதல் தலைமுறை ராஸ்ப்பெரி பையில் பேர்மெட்டல் (ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் ஓடும் கோடு) எழுதப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: மேனுவலில் எல்லாப் பெரிஃபெரலும் (டைமர், சீரியல் போர்ட் மாதிரி சிப்புக்குள் இருக்கும் துணைப் பகுதிகள்) 7இ000000 என்ற பஸ் அட்ரஸில் அச்சாகியிருக்கும், ஆர்ம் கோருக்கு அதே இடம் 20000000, பை 2, பை 3 வந்ததும் அது 3எஃப்000000 ஆனது, பை 4-இல் எஃப்இ000000. மேனுவலைப் பார்த்து அப்படியே டைப் அடித்தவர்களுக்கு ஒன்றும் வேலை செய்யாது, ஏன் என்றும் தெரியாது.

பிக்கோவில் அந்தத் தலைவலி இல்லை. 10000000-இல் ஃபிளாஷ், 20000000-இல் ரேம், 40000000-இலிருந்து பெரிஃபெரல்கள், டி0000000-இல் எஸ்ஐஓ என்கிற ஒற்றை சைக்கிள் ஐஓ பகுதி. எல்லாப் பேஸ் அட்ரஸும் (ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடம்) ஒரே ஹெடர் ஃபைலில் வரிசையாக இருக்கின்றன, டேட்டாஷீட்டில் இருப்பதும் அதே நம்பர்.

எல்இடியை மினுக்க எஸ்டிகேவே தேவையில்லை, ஐந்து அட்ரஸ் போதும். சிப்புக்கு உயிர் வந்ததும் பெரும்பாலான பெரிஃபெரல்கள் ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். 4000எஃப்000-இல் 20 (அதாவது ஐந்தாம் பிட்) எழுதினால் பின்களைப் பார்த்துக்கொள்ளும் ஐஓ பேங்க் விடுதலை. 4000சி008-ஐப் படித்துக்கொண்டே இருந்து அதே பிட் 1 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் 400140சிசி-இல் 5 எழுதினால் 25-ஆம் பின் எஸ்ஐஓ வசம் வரும். டி0000024-இல் 2000000 எழுதினால் அது அவுட்புட் ஆகும், டி000001சி-இல் அதே மதிப்பை எழுத எழுத விளக்கு மாறி மாறி எரியும். அவ்வளவுதான். இதை ஒருமுறை கையால் எழுதிவிட்டால் ரெஜிஸ்டர் என்பது ஏதோ மந்திரம் என்ற பயம் போய்விடும்.

சி மொழியின் வோலட்டைல் (‘இந்த மதிப்பு தானாக மாறலாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி’ என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) ஏன் வேண்டும் என்று காலேஜில் மனப்பாடம் செய்த பதிலுக்கு உயிர் வருவதும் இங்கேதான். அந்த 4000சி008-ஐ வோலட்டைல் இல்லாத பாயிண்டர் வழியாகப் படித்துவிட்டு ஆப்டிமைசேஷனை ஏற்றிப் பாருங்கள். கம்பைலர் ஒரே ஒருமுறை படித்து, ‘இந்த இடத்தில் யாரும் எழுதவில்லையே, மதிப்பு எப்படி மாறும்’ என்று தானாக முடிவு கட்டி, அதே பழைய மதிப்பை வைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடும், போட்டால் நிற்கும். எம்பெடட் இன்டர்வியூக்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் கேள்வியை இருநூற்றுச் சொச்சம் பைட்டில் நேரில் பார்க்கலாம்.

மேலே 4000எஃப்000 என்று எழுதினேனே, ரீசெட் பெரிஃபெரலின் பேஸ் அட்ரஸ் உண்மையில் 4000சி000. இங்கேதான் இந்தச் சிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஒவ்வொரு பெரிஃபெரலுக்கும் பொதுவாக 4000 அளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் 1000-இல் சாதாரணப் படிப்பு, எழுத்து. பேஸோடு 1000 கூட்டினால் நீங்கள் எழுதும் பிட்டுகள் மட்டும் தலைகீழாகும், 2000 கூட்டினால் அந்தப் பிட்டுகள் மட்டும் 1 ஆகும், 3000 கூட்டினால் அவை மட்டும் 0 ஆகும். மற்ற பிட்டுகளை யாரும் தொடுவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, திருப்பி எழுதும் மூன்று படிகளுக்கு நடுவில் ஒரு இன்டரப்ட் (ஓடும் கோடை நிறுத்திவிட்டு இடையில் புகும் வேலை) வந்து அதே ரெஜிஸ்டரில் வேறு பிட்டை மாற்றிவிட்டால், நீங்கள் பழைய மதிப்பை எழுதி அதை அழித்துவிடுவீர்கள். பெரிய கார்டெக்ஸ் கோர்களில் இருக்கும், நடுவில் யாராவது எழுதினால் கண்டுபிடித்துவிடும் எக்ஸ்குளூசிவ் லோடு, ஸ்டோர் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் எம்0 பிளஸ்ஸில் கிடையாது. இன்டரப்டை நிறுத்தினால் உங்கள் கோரில் மட்டும்தான் நிற்கும், பக்கத்துக் கோர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த அட்ரஸ் ஏற்பாட்டில் ஒரே ஒரு ஸ்டோர், லாக் எதுவும் வேண்டாம். எஸ்ஐஓவுக்கு மட்டும் இந்த 1000, 2000, 3000 சங்கதி கிடையாது, அது பொதுவான பஸ்ஸில் உட்காரவில்லை என்பதால் அதற்கென்று தனி செட் (1 ஆக்க), கிளியர் (0 ஆக்க), எக்ஸார் (தலைகீழாக்க) ரெஜிஸ்டர்கள் கொடுத்திருக்கிறார்கள். முதன்முதலாக வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள்.

இதைவிட மோசமான குழி ஒன்று இருக்கிறது, டேட்டாஷீட்டில் ஒரு சின்னப் பகுதியாக எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், நானாக இருந்தால் முதல் பக்கத்தில் சிவப்பில் அடித்திருப்பேன். இந்தச் சிப்பின் ஐஓ ரெஜிஸ்டர்கள் நீங்கள் எத்தனை பிட் எழுதுகிறீர்கள் என்பதைக் கண்டுகொள்வதே இல்லை. எட்டு பிட் பாயிண்டர் வழியாக ஒரு பைட் எழுதினால் அந்த பைட் நான்கு இடத்திலும் நகலாகி முப்பத்திரண்டு பிட்டாகப் போய் விழும். மேலே சொன்ன 400140சிசி-இல் 5-ஐ ஒரு பைட்டாக எழுதினீர்கள் என்று வையுங்கள். உள்ளே போவது 05050505. கடைசி ஐந்து பிட்டில் 5, சரி, பின் எஸ்ஐஓ வசம் வந்துவிட்டது. ஆனால் எட்டாவது பிட்டிலும் ஒரு 1 விழுந்திருக்கிறது, அது அவுட்புட்டைத் தலைகீழாக்கும் பிட். பதினாறாவது பிட்டில் விழுந்த 1 இன்புட்டையும் தலைகீழாக்கும். விளைவு, எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும், ஆனால் 0 எழுதினால் விளக்கு எரியும், 1 எழுதினால் அணையும். வயரிங் தப்பு என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ரெஜிஸ்டர் அட்ரஸை டிஃபைன் செய்யும்போது வோலட்டைலோடு முப்பத்திரண்டு பிட் வகையையும் அந்த மேக்ரோவுக்குள்ளேயே கட்டிப்போட்டு வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் காஸ்ட் செய்ய விடாதீர்கள்.

சரி, ஹெடர் ஃபைல்களுக்கு வருவோம். இரண்டு அடுக்காக வைத்திருக்கிறார்கள். கீழ் அடுக்கில் வெறும் ஹேஷ் டிஃபைன்கள்: ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் ஆஃப்செட், ரீசெட் மதிப்பு, ஒவ்வொரு பிட் தொகுதிக்கும் மாஸ்க் (அந்தப் பிட்டுகளை மட்டும் குறிக்கும் எண்), அது படிக்க மட்டுமா எழுதவுமா என்ற விவரம். ஆள் வைத்து டைப் அடித்ததல்ல, ஹார்டுவேர் விவரணையிலிருந்து தானாக உருவானது. முன்பு வேலையில் ஒரு சிப்போடு மல்லுக்கட்டியபோது (கம்பெனி பெயர் வேண்டாம்) டேட்டாஷீட் ஒரு ஆஃப்செட் சொல்லும், அவர்கள் கொடுத்த ஹெடர் வேறு சொல்லும், சப்போர்ட்டில் கேட்டால் மூன்றாவதாக ஒன்று வரும். அந்தக் கசப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தானியங்கி ஹெடரின் மதிப்பு புரியும். இன்னொரு நுணுக்கம், நம்பர் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன மேக்ரோவுக்குள் சுற்றியிருக்கிறார்கள், சியில் அது பின்னால் ‘யூ’ சேர்த்து அன்சைன்டு ஆக்கும், அசெம்பிளியில் வெறும் நம்பராக விட்டுவிடும். ஸ்டார்ட்அப் கோடும் டிரைவரும் ஒரே ஹெடரைப் பயன்படுத்தலாம். கான்டெக்ஸ்ட் சுவிட்சை (ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கோடை) அசெம்பிளியில் எழுதுகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

மேல் அடுக்கில் ஸ்ட்ரக்ட்கள். படிக்க மட்டும், எழுத மட்டும், இரண்டுக்கும் என்று தனித்தனி வகைகள் வைத்திருப்பதால், படிக்க மட்டுமான ரெஜிஸ்டரில் எழுதப் போனால் கம்பைலரே தடுத்துவிடும். சியின் பிட்ஃபீல்டை (ஸ்ட்ரக்டுக்குள் பிட் பிட்டாகப் பிரிக்கும் வசதி) தொடவே இல்லை, அது சரியான முடிவு. குறை சொல்வதென்றால் பெயர்களின் நீளம். ஒரு மாஸ்க்கின் பெயரை எழுதி முடிப்பதற்குள் எடிட்டரில் வரி உடைந்துவிடுகிறது. மூன்று மாஸ்க்கைச் சேர்த்து எழுதினால் கோடு மாதிரியே இருக்காது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

பேஸையும் ஆஃப்செட்டையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் போர்டின் யுஆர்ட்தான் (சீரியல் போர்ட்) நல்ல பாடம். உள்ளே இருப்பது ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 என்ற யுஆர்ட் வடிவமைப்பு. பிக்கோவில் அது 40034000, 40038000 என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் ராஸ்ப்பெரி பையில் அதே பிளாக் 20201000, கியூஎம்யூ என்ற எமுலேட்டரின் (ஹார்டுவேரைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஆர்ம் விர்ட் மெஷினில் 09000000. ஆஃப்செட்கள் எல்லா இடத்திலும் ஒன்றே. டிரைவருக்குள் ஆஃப்செட் மட்டும், பேஸ் அட்ரஸ் போர்டுக்கான ஃபைலில் என்று வைத்தால், லேப்டாப்பில் கியூஎம்யூவில் ஓட்டிப் பார்த்த டிரைவரை அப்படியே பிக்கோவுக்குக் கொண்டுபோகலாம் (க்ளாக், ரீசெட் வேலைகளைத் தனியாகச் செய்துகொண்டு). செஃபிர் என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் இதைத்தான் டிவைஸ்ட்ரீ (போர்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபைல்) வைத்துச் செய்கிறது: 40034000 என்ற நம்பர் டிவைஸ்ட்ரீ ஃபைலில் இருக்கும், டிரைவர் சி ஃபைலில் தேடினாலும் கிடைக்காது. முதலில் எரிச்சலாக இருக்கும், போர்டு மாறும்போது நன்றி சொல்வீர்கள்.

டைமரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 64 பிட் மைக்ரோசெகண்ட் கவுண்டர், படிக்க இரண்டு செட் ரெஜிஸ்டர். ஒரு செட்டில் கீழ்ப்பாதியைப் படித்தால் மேல்பாதி உறைந்து நிற்கும், ஒற்றைக் கோரில் சௌகரியம், இரண்டு கோரும் படித்தால் ஒருவர் உறைய வைத்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். அதனால் எஸ்டிகே உறையாத செட்டையே பயன்படுத்துகிறது: மேல், கீழ், மறுபடி மேல் என்று படித்து, மேல்பாதி மாறியிருந்தால் திரும்பப் படிக்கும்.

2024 ஆகஸ்ட்டில் 5 டாலருக்கு பிக்கோ 2 வந்தது. வேகம், ரேம் எல்லாம் கூடுதல், ஆனால் ஹெடரைப் பயன்படுத்தாமல் நம்பரை நேராக எழுதி வைத்தவர்களுக்கு அது நல்ல ஆப்பு. ஐஓ பேங்க் 40014000-இலிருந்து 40028000-க்குப் போய்விட்டது. எஸ்ஐஓ பேஸ் மாறவில்லை, அதனால் இன்னும் ஆபத்து: பழைய சிப்பில் ஆஃப்செட் 18 என்பது அவுட்புட்டை 0 ஆக்கும் ரெஜிஸ்டர், புதியதில் அதே 18 அவுட்புட்டை 1 ஆக்கும். அணைக்கச் சொன்னால் எரியும். ஒரு ரிலேயோ மோட்டாரோ மாட்டியிருந்தால் சிரிக்கிற விஷயமில்லை. போதாததற்கு ஒவ்வொரு பின்னிலும் ஐசொலேஷன் பிட் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதை நீக்காமல் பின் அசையாது.

போர்டைப் பற்றிக் குறைகளும் உண்டு. பழைய பிக்கோவில் மைக்ரோ யுஎஸ்பி, ரீசெட் பட்டன் இல்லை, பின் பெயர்கள் அடிப்பக்கம் அச்சாகியிருப்பதால் பிரெட்போர்டில் குத்திய பிறகு ஒன்றும் தெரியாது. ஃபிளாஷின் முதல் 256 பைட்டில் இரண்டாம் கட்ட பூட் கோடும் அதன் கடைசி 4 பைட்டில் செக்சமும் (சரிபார்ப்பு எண்) சரியாக இல்லாவிட்டால் பூட்ரோம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் தொடக்கக் கோடு) உங்கள் புரோகிராமைத் தொடாமல் யுஎஸ்பி டிரைவாக வந்து நிற்கும். முதல் நாளே இதை எழுத உட்காராதீர்கள், எஸ்டிகேவில் இருப்பதை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

எதை வாங்குவது? கற்றுக்கொள்ள என்றால் பழைய பிக்கோவே போதும், அதிலும் பிக்கோ எச் என்ற வகையை எடுங்கள், பின்கள் சால்டர் செய்தே வரும், டீபக் கனெக்டரும் இருக்கும். டபிள்யூ என்று முடியும் ஒயர்லெஸ் வகையை இதற்காக வாங்க வேண்டாம், அதில் எல்இடி 25-ஆம் பின்னில் இல்லை, ஒயர்லெஸ் சிப்பின் பின்னால் மாட்டியிருக்கிறது, மேலே சொன்ன ஐந்து அட்ரஸையும் எழுதிவிட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்றில் டீபக் புரோப் ஃபர்ம்வேரை ஏற்றி மற்றதன் ரெஜிஸ்டர்களை ஜிடிபி என்ற டீபகரில் நேராகப் பார்க்கலாம். யுஆர்ட் இருக்கும் 40034000-ஐ மட்டும் மெமரி விண்டோவில் திறந்து வைக்காதீர்கள், அதைப் படித்தாலே வந்த பைட் ஃபிஃபோவிலிருந்து (வந்த பைட்டுகள் காத்திருக்கும் வரிசை) போய்விடும், உங்கள் டிரைவருக்கு ஒன்றும் மிஞ்சாது.