மாற்றச் சொன்ன கிளட்ச் இன்னும் 26,000 கி.மீ. ஓடியது

2017-ல் புதிதாக எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர் இன்ஜின், கேபிள் கிளட்ச் (பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கம்பிதான்). வீடு திருவொற்றியூர், வேலை மாதவரம். இந்த ரூட்டைச் சொன்னாலே வடசென்னைக்காரர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். காலையில் மணலி வழியாக கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகணும். ராயபுரம் பக்கம் வேலை என்றால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்கு நிற்கும் டிரெய்லர் வரிசை. முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பத்தடி நகர்ந்து மறுபடி நியூட்ரல். ஹைவேயிலேயே ஓடுகிற வண்டிக்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கிளட்ச் தாங்கும். எங்கள் பக்கம் அந்தக் கணக்கு செல்லாது.

58,000-ல் சர்வீஸுக்கு விட்டபோது அட்வைஸர் போன் பண்ணினார். "பெடல் மேல ஏறிடுச்சு சார், ஹார்டாவும் இருக்கு. கிளட்ச் செட் மாத்திடலாமா?" ஸ்லிப் ஆகிறதா, அதாவது பிடி விட்டு வழுக்குகிறதா என்று கேட்டேன். "இப்ப இல்ல சார், சீக்கிரம் ஆயிடும்" என்றார். அப்போ ஆகும்போது பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முடிவை ஏன் எடுத்தேன், கடைசியில் எதைப் பார்த்து மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

பெடல் மேலே ஏறிப் பிடிப்பது தேய்மானத்தின் அடையாளம்தான், அதில் சந்தேகமில்லை. கிளட்ச் ப்ளேட்டை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிப்பது பிரஷர் ப்ளேட்; பெடலை மிதித்தால் அதன் ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். ப்ளேட் மெலிய மெலிய பிரஷர் ப்ளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாகத் தள்ளி வரும். அதனால் பெடலில் இருக்கும் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் விலகத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறையும், காலை எடுக்கும்போது கிளட்ச் பிடிக்கும் இடம் உயரும், மிதிக்கவும் கனக்கும். ஆனால் தேய்ந்திருக்கிறது என்பது வேறு, தீர்ந்துவிட்டது என்பது வேறு. ஃப்ரீ ப்ளே சுத்தமாக இல்லாமல் போனால் நல்ல ப்ளேட்கூட ஸ்லிப் ஆகும், ஏனென்றால் நாம் காலை எடுத்த பிறகும் பேரிங் ஸ்பிரிங்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். செலவே இல்லாத வேலை.

காலடிப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார், பானெட்டைத் திறந்து கேபிளை இழுத்துப் பார்த்தார். "கனம் கேபிள்ல இருக்குணா, ப்ளேட்ல இல்ல." கழற்றியபோது வெளி உறைக்குள் துரு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிக்கு இது சகஜம். புதுக் கேபிள் போட்டு ஃப்ரீ ப்ளே வைத்ததும் பாதிக் கனம் போய்விட்டது. பிடிக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மேலேயேதான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இன்னொரு கூத்து. பாதி டயர் மூழ்கத் தெருவில் நின்ற வண்டியைத் தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து எடுத்தால், ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கியர் விழவில்லை. கிளட்சை முழுசாக மிதித்தாலும் கரகரவென்று சத்தம். "கிளட்ச் காலி, எட்டாயிரம் ரெடி பண்ணு" என்றார் மச்சான். காலியாகவில்லை, ஈரத்தில் ஃப்ளைவீலோடு ப்ளேட் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே மெக்கானிக் இன்ஜினைச் சூடாக்கி ஆஃப் செய்தார். முன்னால் காலி இடம் பார்த்து இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஓடும்போது பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினார். டப்பென்று விட்டது. கியர் விழாதது பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விலகாத கோளாறு. கேபிள் லூஸாக இருக்கலாம், கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியாக இருந்தால் ஆயில் கசிந்திருக்கலாம். அதற்கு ப்ளேட் தேய்மானத்தைப் பழி சொல்லிச் செட் மாற்றிவிடுகிறார்கள்.

சத்தத்திலும் இதே குழப்பம் உண்டு. பெடலை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் அநேகமாக, இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் பேரிங். அதற்குக் கிளட்ச் செட் போட்டால் பணம்தான் போகும், சத்தம் போகாது.

பிறகு எதைத்தான் நம்புவது? ஸ்லிப் ஒன்றைத்தான் நான் நம்பினேன். நாலாவது கியரில் 40-ல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தணும். ஆர்பிஎம்மும் (இன்ஜின் சுழற்சி) வண்டி வேகமும் சேர்ந்து மெல்ல ஏறினால் ப்ளேட் பிடிக்கிறது. ஆர்பிஎம் முள் மட்டும் விசுக்கென்று ஏறி, வண்டி சோம்பினால் வழுக்குகிறது. இதற்கு மூலக்கடை மேம்பால ஏற்றம் தோது, லாரி இல்லாத காலை நேரமாகப் பார்த்துக்கொள்ளணும். ஹேண்ட்பிரேக் போட்டு மூணாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா (அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று கணக்கு) என்று பார்ப்பார்களே, அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. முற்றிய கேஸ்தான் அதில் மாட்டும், ஆரம்ப ஸ்லிப் தப்பித்துவிடும். ரெண்டு மூணு தடவை செய்து காட்டினால் இருக்கிற ப்ளேட்டும் கருகும். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருநாள் வந்த கருகல் வாசனைக்கும் பதற வேண்டாம். சாதாரணமாக ஓட்டும்போதே அடிக்கடி வந்தால்தான் கவலை.

2025-ல், 84,000 நெருங்கும்போது, குடும்பத்தோடு மீஞ்சூரிலிருந்து வண்டலூர் அவுட்டர் ரிங் ரோட்டில் போனோம். ஐந்து பேர், டிக்கி நிறையப் பை. அஞ்சாவது கியரில் ஒரு டேங்கரை ஓவர்டேக் பண்ண அழுத்தினால் முள் 2,500-லிருந்து 3,500-க்குத் தாவுகிறது, வேகம் அப்படியே நிற்கிறது. ஸ்லிப் முதலில் இப்படித்தான் தெரியும், பெரிய கியரில், லோடில். முதல் கியரிலேயே வழுக்கத் தொடங்கிவிட்டால் ஏற்கெனவே ரொம்ப லேட். ஊர் திரும்பியதும் ஃப்ரீ ப்ளேயைச் சரிபார்த்தேன், இருந்தது. மேம்பாலத்தில் மறுபடி அதே தாவல். அந்த வாரமே வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். இந்தக் கட்டத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. வழுக்குகிற சூடு ஃப்ளைவீலையும் தின்ன ஆரம்பிக்கும்.

கியர்பாக்ஸ் இறக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ஹவுசிங்குக்குள் கரி மாதிரித் தூள். ப்ளேட்டில் விரலை ஓட்டினால், உராயும் பட்டையைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலை கிட்டத்தட்ட மேற்பரப்புக்கே வந்திருந்தது. சர்வீஸ் மேனுவல்களில் ஆணிக்கு மேல் 0.3, 0.5 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலே மாற்று என்று இருக்கும், இங்கே நகம்கூடத் தடுக்கவில்லை. பிரஷர் ப்ளேட்டில் அங்கங்கே சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள். ஃப்ளைவீலில் கோடு விழவில்லை, அதனால் லேத்தில் கடையக் கொண்டுபோகாமல் எமெரித் தாள் போட்டுத் தேய்த்ததோடு முடிந்தது. இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன், காய்ந்துதான் இருந்தது. அங்கே கசிவு இருந்தால் புது ப்ளேட்டும் எண்ணெய் குடித்து வழுக்கும். அதனால் வண்டி திறந்திருக்கும்போதே பார்த்துவிடணும்.

ப்ளேட், பிரஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்த்துத்தான் மாற்றினேன். பேரிங் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒன்றுக்காக மறுபடி கியர்பாக்ஸ் இறக்கும் கூலி பேரிங் விலையைவிட அதிகம். கியர் ஆயிலும் புதுசு. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் வந்தது. டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) இருக்கிற டீசல் வண்டிக்காரர்கள் இந்தத் தொகையை மனதில் வைக்க வேண்டாம், அந்த ஃப்ளைவீலும் போயிருந்தால் பில் பல மடங்கு ஏறும்.

பெடல் இப்போது பாதியிலேயே பிடிக்கிறது, இடது முட்டி வலி இல்லை. முதல் 500 கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல் பதமாக ஓட்டச் சொன்னார். மணலி ரோட்டில் வேறு மாதிரி ஓட்டவும் வழியில்லை.