டைரனோசார்களும் அபெலிசார்களும்: கண்ட நகர்வுக்கு யார் நல்ல சாட்சி?

டைனோசர்களின் கடைசி யுகமான கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில் வடக்கே டைரனோசார்கள், தெற்கே பெரும்பாலும் அபெலிசார்கள். இரண்டும் இரண்டு காலில் நடந்த பெரிய வேட்டை டைனோசர்கள். கைகள் இரண்டுக்கும் சிறியவை. ஆனால் கார்னோடாரஸ் என்ற அபெலிசாரின் கையோடு ஒப்பிட்டால் டைரனோசாரஸின் கை எவ்வளவோ பெரிது!

உடலைவிட, அவை கிடைக்கும் இடங்கள்தான் எனக்குப் பெரிய வியப்பு. டைரனோசாரஸ் வட அமெரிக்காவில், அதன் நெருங்கிய சொந்தமான டார்போசாரஸ் மங்கோலியாவில். சரி, இடையே அவ்வப்போது நிலவழி இருந்தது. அதனால் கண்டங்கள் நகர்ந்ததற்குச் சாட்சியாக நான் தேர்ந்தெடுப்பது அபெலிசார்களைத்தான். அர்ஜென்டினா, மடகாஸ்கர், இந்தியா என்று இன்று கடல்கள் பிரிக்கும் இடங்களில் அவற்றின் எலும்புகள் கிடைக்கின்றன. நர்மதைப் பள்ளத்தாக்கின் ராஜாசாரஸும் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸும் உறவுகள். அவற்றின் முன்னோர் கடலை நீந்த வேண்டியிருக்கவில்லை. தென் நிலப்பகுதிகள் ஒன்றாக இருந்த பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்தபின்னும் ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்ததே சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.