வாடிக்கையாளர் கேட்ட கேள்வியே பதிவாகிறது: நாகர்கோவில் சமூக ஊடகக் குழு ஒன்றின் சேவை பற்றி

மார்த்தாண்டத்தில் தேன் கடை வைத்திருக்கிறோம். தேனீப் பெட்டிகளைக் கணவர் கவனிக்கிறார். கடையும் கைப்பேசியும் என் பொறுப்பு. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகியவற்றில் என்ன போடலாம் என்று மாதாமாதம் யோசனை எழுதித் தரும் நாகர்கோவில் குழு ஒன்றின் சேவையை ஓராண்டுக்கும் மேலாகப் பெற்று வருகிறேன். தெரிந்த வியாபாரிகள் பலர் விசாரிக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கட்டணம் மாதம் 6,000 ரூபாய். அதற்கு 12 யோசனைகள் தருவார்கள். ஒவ்வொன்றிலும் எதைப் படம் பிடிப்பது, முதல் சில விநாடிகளில் எதைக் காட்டுவது, படத்தின் கீழே என்ன எழுதுவது என்பவை இருக்கும். படம் பிடிப்பது நம் வேலை. அவர்களே வந்து எடுத்துத் தர வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.

இந்தக் குழுவின் அருமை எனக்குப் புரியக் காரணம், இதற்கு முன்பு வெளியூர் நிறுவனம் ஒன்று எங்களுக்குச் செய்துவந்த வேலை. அவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு நாட்காட்டியை அனுப்பிவிடுவார்கள். காதலர் தினம், அன்னையர் தினம், நண்பர்கள் தினம், மே 20 உலகத் தேனீ தினம் என்று வரிசையாக வாழ்த்துப் படங்கள் வரும். படத்தில் நுனி முழுக்க வரிவரியாகக் கடைந்த ஒரு மரக்கோல், அதிலிருந்து வழியும் தேன். அப்படி ஒரு கோலை எங்கள் கடையில் யாரும் கண்டதில்லை. விளவங்கோடு வட்டாரம் முழுக்கத் தேடினாலும் ஒரு வீட்டில் கிடைக்குமா என்று தெரியவில்லை. இன்னொரு படத்தில் இருந்தது நன்கு மஞ்சள் நிறமான இத்தாலியத் தேனீ. எங்கள் பெட்டிகளில் இருப்பவை உருவத்தில் சிறிய, கறுப்புப் பட்டை ஓடிய இந்தியத் தேனீக்கள். என் மாமனார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மக்களே, இது யார் வீட்டுத் தேனீ?" என்று கேட்டார். கடையின் பெயரை மறைத்துவிட்டால் அந்தப் பதிவுகளை எந்த ஊர்த் தேன் கடையும் போட்டுக்கொள்ளலாம். அதற்குத்தான் நாங்கள் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நாகர்கோவில் குழு முதல் வாரம் எந்த யோசனையும் தரவில்லை. குழுவில் ஒரு பெண் சனிக்கிழமை காலை கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். "உறைந்திருக்கிறதே, சீனி கலந்ததா?" "ரப்பர் தேன் என்றால் ரப்பர் வாடை அடிக்குமா?" "தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நின்றால்தானே அசல்?" "பிள்ளைக்கு எட்டு மாதம், நாக்கில் தொட்டு வைக்கலாமா?" நாள்தோறும் வாய் வலிக்கப் பதில் சொல்லிச் சொல்லி, இவையெல்லாம் கேள்விகள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாலையில் அவர் நோட்டை நீட்டி, "அக்கா, மூன்று மாதத்துக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது" என்றார்.

அந்த நோட்டிலிருந்து வந்த முதல் காணொளி ரப்பர் தேனைப் பற்றியது. பெரும்பாலோர் அது ரப்பர்ப் பூவிலிருந்து வருவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தேனுக்கு மூலம் இலைதான். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் வெளிர்பச்சைக்கு மாறும் நாட்களில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் மார்ச் வரை அதைத்தான் சேகரிக்கின்றன. குழு எங்களுக்கு எழுதித் தந்த குறிப்பு இரண்டே வரி: காலை வெயிலுக்கு முன் தோட்டத்துக்குப் போங்கள், ஓர் இலைக்காம்பைக் கைப்பேசிக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்து, பேசாமல் காட்டுங்கள். கணவர் எடுத்தார். குண்டூசித் தலையளவு துளி. அதன் மேல் ஒரு தேனீ வந்து இறங்கி, நாக்கை நீட்டி உறிஞ்சிவிட்டு அடுத்த சுரப்பிக்கு நகர்கிறது. பின்னணி இசைகூட இல்லை. பிறந்தது முதல் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வாழ்கிறவர்களே, "இது இத்தனை நாளும் எங்கள் கண்ணில் படவில்லையே" என்று எழுதினார்கள். குலசேகரம், அருமனைப் பக்கமிருந்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் தங்கள் தோட்டத்து இலைகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். அவற்றை அவர்கள் சம்மதத்தோடு அடுத்த பதிவாகப் போட்டோம். ஒரு யோசனை தானாகவே இன்னொன்றைப் பெற்றெடுத்தது.

உறைந்த தேன் பற்றிய பதிவும் அப்படித்தான். ரப்பர் தேனில் குளுக்கோஸ் கூடுதல், அதனால் சீக்கிரம் உறையும். கலப்படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீர்ச் சோதனையும் வீண். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகும் அடியில்தான் போய் நிற்கும். இதைச் சொல்லாமல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு என்ற பதிவை, தேன் விற்கிற நாங்களே போட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதைத்தான் அதிகம் பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பிய யோசனை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பூவும் தளிரும் குறையும்போது தேனீக்கள் பட்டினி கிடக்காமல் இருக்கப் பெட்டிக்குள் சீனிப்பாகு வைப்போம். தேனீ வளர்க்கும் எல்லோரும் செய்வதுதான். அதைப் படமெடுத்துப் போடுங்கள் என்று குழு சொன்னபோது, "சீனியைக் காட்டினால் கடையை மூடிவிட வேண்டியதுதான்" என்றார் மாமனார். குழு விடவில்லை. பாகு வைக்கும் மாதங்களில் தேன் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பருவம் தொடங்குவதற்கு முன்பே பாகு நிறுத்தப்படுவதைக் காட்டுங்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும் என்றார்கள். கடைசியில் மாமனாரே பேசினார். பெட்டி மூடியைத் திறந்து பாகுக் கிண்ணத்தை வைத்தபடி, 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையத்தில், அதை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹேட்ச் காலத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றியதிலிருந்து தொடங்கி, 1990களின் தொடக்கத்தில் தேனீக்களைத் தாக்கும் 'தாய்லாந்து சாக்புரூட்' வைரஸ் நோய் பரவிப் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் அழிந்தது வரை சொன்னார். காலியான பெட்டிகளை அடுக்கி வைத்த இடத்தைக் கை நீட்டிக் காட்டியபோது அவர் குரல் கம்மியது. வெட்டி ஒட்டாமல் அப்படியே போடச் சொன்னதும் இந்தக் குழுதான். அதற்குப் பிறகு தொலைபேசியில் "சீனி கலந்ததா" என்ற கேள்வி வெகுவாகக் குறைந்துவிட்டது.

நாள், கிழமைகளிலும் இவர்களுக்கு ஊர் தெரிகிறது. டிசம்பர் 3இல் நிறைவடையும் கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், தேன் பருவத்தின் நடுவே வரும் மண்டைக்காடு மாசிக் கொடை என்று எங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் பயணம் போகும் நாட்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். நவம்பர் 1 வாழ்த்துப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்ததை நினைவு வைத்திருக்கும் முதியவர்களிடம் அந்தக் காலத்துச் சந்தையைப் பற்றிக் கேட்கச் சொன்னார்கள். அந்தப் பேச்சில் தேன் ஓரிடத்தில்தான் வந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இனி குறைகள். முதலாவது, வாசகம் எழுதுகிறவர் ஆர்வக்கோளாறில் எல்லை மீறுகிறார். "இருமலைக் குணப்படுத்தும்", "சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றெல்லாம் எழுதி அனுப்பினார். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள், சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பித் தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் யார் பொறுப்பு? நான் கோபப்பட்டே பேசினேன். அதன் பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் உணவுப் பொருள் விற்கிறவர்கள் ஒவ்வொரு வரியையும் தாங்களே படித்துப் பார்க்காமல் போடக் கூடாது.

இரண்டாவது, இவர்களிடம் வாடிக்கையாளர்கள் கூடக் கூட, யோசனைகள் ஒரே அச்சில் வரத் தொடங்கியிருக்கின்றன. "எங்களோடு ஒரு நாள்" என்ற தொடரை எங்களுக்குக் கொடுத்த அதே மாதம், இவர்களிடம் வரும் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடைக்கும் கொடுத்திருக்கிறார்கள். இருவரையும் பின்தொடர்கிறவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கேட்டபோது மறுக்காமல் வேறு யோசனை தந்தார்கள். இருந்தாலும், மறுபடியும் கடைக்கு வந்து உட்காரவில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். முதல் சனிக்கிழமை எழுதிய நோட்டு எத்தனை மாதம் தாங்கும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நான் புதுப்பித்தபோது அப்படித்தான் செய்தேன்.

மூன்றாவது, மொழி. களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வியாபாரத்தில் நல்ல பங்கு. குழு தமிழில் மட்டுமே எழுதுகிறது. மலையாள வாசகம் கேட்டால் இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டி அனுப்புகிறார்கள். படித்துவிட்டு அங்கிருந்து வரும் ஒரு சேச்சி முகம் சுளித்தார்.

யாருக்கு இது ஏற்றது? செய்முறை கண்ணுக்குத் தெரியும் தொழில் வைத்திருப்பவர்களுக்கு நிச்சயமாகச் சொல்வேன். மயிலாடியில் கல் கொத்துகிறவர்கள், தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தை விற்கிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவதற்கு ஏராளம் இருக்கிறது. வெளியூரிலிருந்து சரக்கு வாங்கி விற்பவர்களுக்கு 6,000 ரூபாய் அதிகம் என்றே படுகிறது. அவர்கள் ஒரு நோட்டை வாங்கிக் கல்லாவில் வைத்து, கேட்கப்படும் கேள்விகளை ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். நேரமும் எழுத்துப் பழக்கமும் இருந்தால் நாங்களும் அப்படியே செய்திருப்போம்.

வரும் ரப்பர்ப் பருவத்துக்கும் இவர்களோடுதான் பேசி முடித்திருக்கிறேன். மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரைக் குழித்துறையிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்களாம். அதற்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். முதல் மாத வாசகங்களை அந்தச் சேச்சியிடம் படிக்கக் கொடுத்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.