இன்டோர் சைக்கிளிங் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ்: குடுத்த காசுக்கு பிரயோசனமோ?

முதலே சொல்லிப்போடுறன், 5க்கு 3½. மிச்சம் ஒண்டரை எங்க போனதெண்டும் சொல்லுறன்.

நான் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன ஜிம்மில பொம்பிளையளுக்கு பின்னேர வகுப்பு எடுக்கிறனான். போன வருசம் ஜிம்கார அண்ணா கொழும்பில பூட்டுப்பட்ட ஜிம் ஒண்டில இருந்து 6 பழைய இன்டோர் சைக்கிளை (நிண்ட இடத்திலயே நிண்டு மிதிக்கிற சைக்கிள்) லொறியில கொண்டந்து இறக்கிப்போட்டு "தங்கச்சி, இதுக்கும் ஒரு வகுப்பு தொடங்குங்கோவன்" எண்டார். எனக்கு இருந்த ஒரே தகுதி பள்ளிக்கூடக் காலத்தில லுமாலா சைக்கிள்ல உவர்மலை ஏத்தம் இறங்காம மிதிச்சதுதான். சேர்டிபிக்கேட் இல்லாம ஆக்களை ஏத்தி ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது எண்டு யோசிச்சுத்தான் கோர்ஸுக்கு காசு கட்டினன். வெளிநாட்டுக் கம்பனி ஒண்டின்ர கோர்ஸ், குறையும் சொல்லப் போறபடியா பேரைப் போடேல்ல. தியரி முழுக்க ஒன்லைன்ல, பிறகு கொழும்பில ஒரு நாள் நேரடிப் பயிற்சி, அதுக்குப் பிறகு 80% எடுத்தாத்தான் பாஸ் எண்டு ஒரு எக்ஸாம். இரவு மெயில் ட்ரெயின் காசு, தங்கின காசு எல்லாம் சேர்த்து 140,000 ரூபா கிட்ட முடிஞ்சுது.

நேரடி நாள் சரியான பிரயோசனம், அதில ஒரு குறையும் சொல்லமாட்டன். காலமை முழுக்க சைக்கிளை ஆளுக்கு ஏத்த மாதிரி செற் பண்ணுறதுதான். சைக்கிளுக்குப் பக்கத்தில நிண்டா சீற் இடுப்பெலும்பு மட்டத்துக்கு வரோணும், ஏறி மிதிக்கேக்க பெடல் அடியில நிக்கிற நேரம் முழங்கால் லேசா, ஒரு 25 இலிருந்து 35 பாகை மடிஞ்சு இருக்கோணும், பெடல் ரெண்டும் ஒரே மட்டத்தில நிக்கேக்க முன்னால நிக்கிற காலின்ர முழங்கால் சிரட்டை பெடல் அச்சுக்கு நேர மேல வரோணும். கேக்க லேசு. ஆனா எங்கட ஊரில எல்லாரும் வாழ்க்கை முழுக்க சீற்றைப் பதிச்சு வச்சு, சந்தியில ரெண்டு காலும் நிலத்தில ஊண்டுற மாதிரித்தான் ஓடினவை. என்ர முதல் வகுப்பில சீற்றை உயர்த்தினோடன ஒரு அக்கா ஏறமாட்டன் எண்டு நிண்டிட்டா, "பிள்ளை, கால் எட்டாது, விழுந்தா ஆர் தூக்குறது" எண்டு. ஓடாத சைக்கிளக்கா எண்டு சொல்லித்தான் ஏத்தினன்.

மற்றது ஃப்ளைவீல். வீட்டுச் சைக்கிள்ல மிதிக்கிறதை விட்டா சில்லு டிக் டிக் எண்டு தன்பாட்டில ஓடும், இந்த வகைச் சைக்கிள்ல ஃப்ரீவீல் இல்ல, அந்த இரும்புச் சில்லு சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், கால் நிண்டாலும் பெடல் காலை இழுத்துக்கொண்டு போகும். ஹேண்டிலுக்குக் கீழ ஒரு குமிழ் இருக்கும், திருகினா மிதிக்கிறது இறுகும், அமத்தினா பிரேக். நிப்பாட்டுறதெண்டா அந்தக் குமிழைக் கீழ அமத்தோணும். ட்ரெயினர் எங்கள் எல்லாரையும் ஆளுக்குப் பத்துத் தரம் அமத்தப் பண்ணினவர், அப்ப எரிச்சலாத்தான் இருந்தது, ஆனா என்ர வகுப்பில ஒரு பிள்ளையின்ர சப்பாத்து லேஸ் பெடல்ல சுத்துப்பட்டு கால் இழுபடேக்க என்ர கை தானாப் போய் குமிழை அமத்தினது. அந்த ஒரு நிமிசத்துக்கே காசு சரி.

வேகத்துக்கும் கணக்கு இருக்கு. சமதரை எண்டா நிமிசத்துக்கு 80 இலிருந்து 110 சுத்து, ஏத்தம் எண்டா 60 இலிருந்து 80. ரெசிஸ்டன்ஸ் (பெடலின்ர இறுக்கம்) இல்லாம அதுக்கு மேல போனா நாங்கள் மிதிக்கிறேல்ல, சில்லுத்தான் எங்களை மிதிக்கும், இடுப்பு சீற்றில துள்ளும். வீடியோக்களில காட்டுற மாதிரி சைக்கிள்ல இருந்துகொண்டு டம்பெல் தூக்குறது, ஹேண்டிலைப் பிடிச்சு புஷ்அப் அடிக்கிறது எல்லாம் வேண்டாம் எண்டு ட்ரெயினர் முகத்துக்கு நேர சொன்னவர். முதல் நாள் வாற ஆக்களை வெறியா மிதிக்க விடக்கூடாதெண்டதையும் அங்கதான் படிச்சன். பழக்கமில்லாத தொடை தாங்காம தசை உடைஞ்சு அது ரத்தத்தில கலந்து சிறுநீரகத்தை அடிக்குமாம், மூத்திரம் கோலா நிறத்தில போனா உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும், ராப்டோமயோலைசிஸ் எண்டு பேர். நான் இப்ப புது ஆள் வந்தா 20 நிமிசத்தோட இறக்கிப்போடுவன், கோவிச்சாலும் பரவாயில்ல.

இனிக் குறையள்.

ஒன்லைன் பகுதி இதயத் துடிப்பைப் பிடிச்சுக்கொண்டு தொங்குது. 220இல வயசைக் கழி, அதுதான் நிமிசத்துக்கு உச்சத் துடிப்பு, அதில இத்தனை வீதம், இந்த ஸோன், அந்த ஸோன். 60 வயசுக்கு அப்பிடிப் பாத்தா 160, மற்ற சூத்திரம் ஒண்டு இருக்கு, 208இல வயசின்ர 0.7 மடங்கைக் கழிக்கிறது, அதில 166 வரும், எது எண்டு கேட்டா விளக்கம் இல்ல. அதைவிட, என்ர வகுப்புக்கு வாறவையில பாதிப் பேர் பிரஷர் குளிசை போடுறவை, அதில பீட்டா புளொக்கர் வகை போடுறாக்களுக்கு எவ்வளவு மிதிச்சாலும் துடிப்பு மற்றாக்களுக்கு ஏறுற அளவுக்கு ஏறாது, வோச்சைப் பாத்து "இன்னும் காணாது" எண்டு விரட்டினா ஆள் முடிஞ்சுது. இது கோர்ஸில ஒரே ஒரு வரி. நான் இப்ப கதைக்க விட்டுத்தான் பாக்கிறன், மிதிச்சுக்கொண்டு மாமியாரைப் பற்றி முழு வசனம் கதைக்க முடிஞ்சா லேசு, நாலு சொல்லோட மூச்சு வாங்கினா காணும்.

பாட்டு அடுத்த தலையிடி. எல்லாப் பாடமும் நாலு தட்டுத் தாளத்துக்குத்தான், 8, 16, 32 எண்டு எண்ணி மாத்துறது. எங்கட பொம்பிளையளுக்கு குத்துப்பாட்டு போடாட்டி கால் ஓடாது, பைலா போட்டா இன்னும் நல்லா ஓடும், ரெண்டும் அனேகமா ஆறெட்டுத் தாளத்தில (6/8) போறது, ஒரு தட்டு மூண்டாப் பிரியும். சின்னத் தட்டை விட்டுப்போட்டு பெரிய தட்டை மட்டும் பிடிச்சு வலது இடது எண்டு மிதிச்சாச் சரி எண்டு நானாத்தான் ரெண்டு கிழமை வீட்டில மேசையில தட்டித் தட்டிக் கண்டுபிடிச்சன். சொல்லிக்குடுக்கிற வசனங்களும் முழுக்க இங்கிலீஷ். "ரெசிஸ்டன்ஸைக் கூட்டுங்கோ" எண்டா ஆரும் அசையேல்ல, "இறுக்குங்கோ" எண்டோடன எல்லாக் கையும் குமிழுக்குப் போச்சு.

வெக்கையைப் பற்றி ஒரு பாடமும் இல்ல. ஏசி அறைக்குத்தான் எழுதியிருக்கினம். ஆடி மாசக் கச்சான் காத்து அடிக்கேக்க எங்கட ஜிம்முக்குள்ள மூண்டு ஃபேனும் சுடுகாத்தைத்தான் அள்ளி வீசும், கரண்ட் போனா அதுவும் இல்ல. 45 நிமிச வகுப்பை நான் 30 ஆக்கிட்டன், ஆளுக்கு ரெண்டு துவாய், பெரிய போத்தில் தண்ணி கட்டாயம். கடல் காத்துக்கும் வேர்வைக்கும் சீற் பைப் ஒரு மாசத்தில துருவேறி இறுகிப்போச்சு, சில்லில உரசி இறுக்குற பிரேக் ஃபெல்ட் துண்டு காய்ஞ்சு கீச் கீச் எண்டு கத்தினது, பராமரிப்பெண்டு அவை சொன்னது வகுப்பு முடியத் துடையுங்கோ எண்டதுதான். (சைக்கிள் வாங்கிற ஆக்கள் காந்த ரெசிஸ்டன்ஸ் உள்ளதாப் பாருங்கோ, அதில உரசுற ஃபெல்ட் இல்ல.)

இன்னொண்டு, வாசல் போர்டில "ஸ்பின்னிங் வகுப்பு" எண்டு பெயிண்டரைக் கொண்டு எழுதுவிச்ச பிறகுதான் தெரியும், ஸ்பின்னிங் எண்டது அமெரிக்காவில இருக்கிற மேட் டாக் அத்லெட்டிக்ஸ் கம்பனி பதிஞ்சு வச்சிருக்கிற பேர், ஜானி ஜி எண்ட சைக்கிள் வீரர் தொடக்கின அந்தப் பயிற்சிமுறைக்கு உரியது. நான் எடுத்தது வேற ஆக்களின்ர சேர்டிபிக்கேட். அழிச்சு "சைக்கிள் வகுப்பு" எண்டு எழுதினது, இப்ப ஆக்கள் வந்து சின்னப் பிள்ளையளுக்கு பலன்ஸ் பழக்குவியளோ எண்டு கேக்கினம்.

கடைசிக் கோவம் புதுப்பிக்கிறது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா திருப்பிக் காசு கட்டி, மேலதிக பாடமும் செய்யோணுமாம், சிபிஆர் (இதயம் நிண்டா நெஞ்சை அமத்திச் செய்யிற முதலுதவி) சேர்டிபிக்கேட்டும் தனியா வச்சிருக்கோணும். சிபிஆர் நியாயம், அதை நான் எப்பிடியும் செய்வன். புதுப்பிக்கிற கதை காசு கட்டேக்க எங்கயும் கண்ணில படேல்ல, பாஸ் எண்டு வந்த மெயிலின்ர அடியிலதான் சின்ன எழுத்தில கிடந்தது. தை மாசம் எனக்கு முடியுது. அந்தக் காசுக்கு 6 சைக்கிளுக்கும் புது பிரேக் ஃபெல்ட் போட்டு சீற்றும் மாத்தலாம், அண்ணாவும் அதைத்தான் சொல்லுறார்.