தலைவரியா, எழுத்தறிவுத் தேர்வா: எது மோசம்?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்த பல வழிகளில் இந்த இரண்டும் முக்கியமானவை. தலைவரி என்பது ஓட்டுப் போட ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய வரி; அலபாமாவில் அது வருஷத்துக்கு 1.50 டாலர். கேட்கச் சின்னத் தொகைதான், ஆனால் கட்டாமல் விட்ட வருஷங்களின் பாக்கியும் சேர்ந்துகொண்டே போகும், குத்தகை விவசாயி காசைக் கண்ணால் பார்ப்பதே அறுவடைக்கு அப்புறம்தான். ஏழை வெள்ளையர்களும் இதில் மாட்டினார்கள்.

வாக்காளராகப் பதிவதற்கான எழுத்தறிவுத் தேர்வு அப்படியில்லை. மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்புப்படி அதில் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், இல்லையென்றால் வாசிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் வாக்காளர் பதிவாளர், அவரோ வெள்ளைக்காரர். வெள்ளையருக்கு ஒரு எளிய வரியைக் கொடுத்துவிட்டு, படித்த கறுப்பினத்தவருக்கு வக்கீலே திணறும் பிரிவை நீட்டலாம். லூசியானாவில் 1964இல் சில இடங்களில் கொடுத்த தாளில் 30 கேள்விகள், 10 நிமிடம், ஒன்று தப்பினாலும் ஃபெயில்!

என்னைக் கேட்டால் தேர்வுதான் படுமோசம். வரி கட்டினால் ரசீதாவது கிடைக்கும், பதிவாளர் தலையாட்டாவிட்டால் எதைக் காட்டி வாதாடுவது?

தேர்வை 1965 வாக்குரிமைச் சட்டம் தெற்கின் பெரும்பகுதியில் நிறுத்தியது. தலைவரி 1964இல் அமெரிக்க அரசியலமைப்பின் 24ஆவது திருத்தத்தால் கூட்டாட்சித் தேர்தல்களிலும், 1966இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மாநிலத் தேர்தல்களிலும் ஒழிந்தது.