'டூ டோர்' ட்ராக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

சிப்பாங் பந்தயத் தடத்தில் ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள், ஓட்டுவதற்குப் பழைய கார் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ட்ராக் கார் கட்டித் தரும் ஒரு பட்டறையில், ரோல் கேஜோடு (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) சேர்த்து 34 ஆயிரம் ரிங்கிட் கொடுத்து ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வாங்கினேன். வந்து சேர்ந்தது ஜிடிஐ இல்லை. சொல்லப்போனால் அது ஒரு கார்கூட இல்லை, இரண்டு கார்களிலிருந்து பாதிப் பாதி. புகார் இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டால் பெயர் இல்லாமலே உங்களுக்கு விளங்கிவிடும்.

நான் தேடிப் போனது நான்கு கதவு புரோட்டோன் வீரா 1.8 ட்வின் கேம். அதில் இருக்கும் அதே 4ஜி93பி எஞ்சின், 1,834 சிசி, சத்ரியா ஜிடிஐயிலும் இருக்கிறது, புத்ராவிலும் இருக்கிறது. எஞ்சின் ஒன்றாக இருந்தும் ஜிடிஐக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போகிறது. லோட்டஸ் சஸ்பென்ஷன், ரெக்காரோ சீட், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அப்புறம் அந்தப் பெயர். வீரா என்று நான் வாயைத் திறந்ததுமே பட்டறைக்காரர் சிரித்தார். "பாஸ், நாலு கதவு எல்லாம் குடும்பத்தோட கோயிலுக்குப் போறதுக்கு. ட்ராக்குன்னா டூ டோர்தான். பாடி ஸ்டிஃப், வெயிட் கம்மி. வீராவுல ஓட்டினா ரெண்டாவது மாசமே என்கிட்ட மாத்த வருவீங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது எடுபடுகிறது. பக்கத்துக்கு ஒரு கதவு என்றால் தகட்டில் வெட்டிய திறப்புகள் குறைவு, பாடி முறுக்கிக்கொள்வதும் ஓரளவு குறையும். ஆனால் ஒழுங்கான ரோல் கேஜ் ஒன்றை வெல்டிங் செய்து உள்ளே இறக்கிவிட்டால், முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் அந்தக் குழாய்கள்தான். அதற்குப் பிறகு கதவு இரண்டா நான்கா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. எடையும் அப்படித்தான். சத்ரியா இலேசாக இருப்பதற்கு முக்கியக் காரணம் கார் குட்டையாக இருப்பது. இரண்டு கதவுக் காரின் கதவு ஒவ்வொன்றும் நீளமானது, கனமானது; பிட்டில் இரண்டு கார்களை நெருக்கி நிறுத்தினால் அதைப் பாதிதான் திறக்க முடியும்.

குட்டையாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சத்ரியாவின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2,440 மில்லிமீட்டர், வீராவுக்கு 2,500. சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. அதில் ஐந்தும் ஆறும் வேகமாக எடுக்கிற நீண்ட வளைவுகள். அங்கே பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குட்டை காரின் பின்பக்கம் சட்டென்று வெளியே வரும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்த 60 மில்லிமீட்டர் நல்ல துணை. நான்கு கதவு என்றால் பந்தயத்துக்கு ஆகாது என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: நம் ஈப்போ கரம்ஜித் சிங் 2002-ல் புரொடக்‌ஷன் பிரிவில் உலக ரேலி சாம்பியன் ஆனது நான்கு கதவு புரோட்டோன் பெர்ட்டில்.

இரண்டு கதவுக்கு உண்மையான வசதி ஒன்று உண்டு. பக்கெட் சீட்டும் கதவுக்குக் குறுக்கே கம்பிகளும் போட்ட பிறகு உள்ளே நுழைவது ஒரு வித்தை. நான்கு கதவில் பி பில்லர் (முன்கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண்) தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கும், உடம்பை மடித்துத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு கதவில் அது பின்னால் தள்ளி இருப்பதால் வாய் அகலம், உயரமானவர்கள் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போடலாம். நான் ஆறடிக்கு மேல். கடைசியில் சத்ரியாவுக்கு நான் தலையாட்டியது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கேட்டபோது கெரான் (வாகனப் பதிவுச் சான்று) வங்கியில் இருக்கிறது என்றார்கள். கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார்கள், அதில் மாடல் பெயர் வரும் வரி மட்டும் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது. "ட்ராக் கார்தானே பாஸ், ரோட் டேக்ஸ் வேண்டாம், பெயர் மாற்றமும் அவசரமில்லை, லாரியில் ஏற்றி அனுப்பிடுறோம்." இது பெரிய சலுகை மாதிரி கேட்கும். பெயர் மாற்ற வேண்டுமானால் கார் புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை நிலையத்தில் பி5 எனும் பெயர் மாற்றச் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். அந்த ஒரு இடத்தைத் தாண்டத்தான் இத்தனை கரிசனம்.

கார் வந்த அன்றே கண்ணில் பட்டது கேஜ். மெயின் ஹூப், அதாவது ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வளையமாக நிற்கிற குழாய், பி பில்லரை ஒட்டி நிற்க வேண்டும். இந்தக் காரில் அது பில்லருக்கு ஒரு சாண் முன்னால், கதவுக் கண்ணாடியின் நடுவே குறுக்கே ஓடியது. சீட்டைப் பின்னால் தள்ளினால் ஹூப்பில் இடித்தது. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில், பின்மண்டை குழாயில். பட்டறையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரேஸ் கார்னா அப்படித்தான் டைட்டா இருக்கும் பாஸ்" என்று பதில் வந்தது.

காரை ஷா ஆலாமில் எனக்குத் தெரிந்த ஒரு ஃபோர்மேன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "தம்பி, இது வீராவோட கேஜ்" என்றார். நான்கு கதவு காரின் முன்கதவு நீளத்துக்கு அளந்து செய்த கூண்டு, அதனால்தான் ஹூப் நடுவில் வந்து நிற்கிறது. பின்னால் போகும் இரண்டு கால்களும் சத்ரியாவுக்கு நீளம் அதிகமாகி, இடையில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டின இடத்தைக் கறுப்புப் பெயிண்டுக்கு மேல் விரலால் தடவினாலே தெரிந்தது. ஹூப்பின் காலடியில் சின்னதாக ஒரு துளை போட்டு அளந்தார். குழாய் 38 மில்லிமீட்டர் விட்டம், தகட்டுப் பருமன் 1.6. அனைத்துலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி மெயின் ஹூப்புக்கு 45-க்கு 2.5 அல்லது 50-க்கு 2.0 மில்லிமீட்டர் வேண்டும், கால் நிற்கும் இடத்தில் 3 மில்லிமீட்டர் பருமனில் 120 சதுர சென்டிமீட்டர் தகடு வேண்டும். இங்கே தகடே இல்லை. நான்கு போல்ட், நேராகத் தரையில்.

அந்தப் போல்ட்டைக் கழற்றத் தரைவிரிப்பைத் தூக்கியபோதுதான் மற்றது வெளியே வந்தது. முன்சீட்டுக்குப் பின்னால், காரின் குறுக்கே, இந்தக் கதவடியிலிருந்து அந்தக் கதவடி வரை ஒரே கோடாக வெல்டிங். மேலே புட்டி, அதற்கு மேலே தார் மாதிரி அண்டர்கோட். தொழிற்சாலையில் தகடுகளைச் சேர்க்கும் இடத்தில் வட்ட வட்டமாக ஸ்பாட் வெல்டிங் வரிசை இருக்கும். இது கையால் இழுத்த கோடு. முன்பாதி ஒரு கார், பின்பாதி இன்னொரு கார். நம் ஊரில் இதற்கு 'சம்புங்' என்று பெயரே உண்டு. வீல் அலைன்மெண்ட் மெஷினில் ஏற்றினால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன, எந்த போல்ட்டைத் திருகினாலும் சரியாகவில்லை. இந்தக் காரை முதல் வளைவு பிரேக்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நச்சரித்து வாங்கிய கெரானில் இருந்தது சத்ரியா 1.3. எஞ்சின் 4ஜி93பிதான், அது ஏதோ வீராவிலிருந்து வந்திருக்கலாம். ரெக்காரோ சீட், பின் டிஸ்க், லோட்டஸ் ஸ்டிக்கர், பம்பர் எல்லாம் போல்ட் கழற்றி மாட்டக்கூடியவை. இவற்றை வைத்து ஜிடிஐ என்று நம்பவே கூடாது. கெரானில் 1,834 சிசி இருந்தாலும் போதாது, ஏனென்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியோடு எஞ்சின் மாற்றினால் அந்த எண்ணும் கெரானில் ஏறிவிடும். மாடல் பெயர் வரி, தகட்டில் அடித்த சேசிஸ் எண், அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா, இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். விற்பவர் தரைவிரிப்பைத் தூக்க விடவில்லை என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பி5-க்குக் கொண்டுபோகச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதிக்கிறவரிடம் பேரம் பேசலாம்.

பணம் திருப்பிக் கேட்டபோது முதலில் "செகண்ட் ஹேண்ட் கார், அப்படியேதான் விற்றோம்" என்றார்கள். அப்புறம் வேறு சத்ரியா மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்புறம் அழைப்பை எடுக்கவே இல்லை. தீர்ப்பாயத்தில் 50 ஆயிரம் ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ரசீதில் 'ஜிடிஐ' என்று எழுதி வாங்கியிருந்ததுதான் எனக்கு இப்போது கைகொடுக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்திருக்கிறேன், ஃபோர்மேன் அண்ணன் எடுத்த படங்களும் உண்டு.

போன வாரம் அதே பட்டறை ஒரு புத்ராவை விளம்பரம் செய்திருக்கிறது. வெள்ளை நிறம், டூ டோர், கேஜ் போட்டது, 'ட்ராக் ரெடி, பெயர் மாற்றம் அவசரமில்லை'. கேஜ் கதவுக் கண்ணாடியின் எந்த இடத்தில் நிற்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.